வேலை வண்டியில் இன்வெர்ட்டர்: பெட்டியை விட வயரில்தான் விஷயம் இருக்கிறது

கிரைண்டிங் மெஷினை ஆன் செய்ததும், வண்டி பேட்டரியின் கரண்டை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் ‘பீப் பீப்’ என்று கத்திவிட்டு நின்றுபோனால் பழி முதலில் பெட்டி மேல்தான் விழும். புதுப் பெட்டி வாங்கி மாட்டினாலும் அதே கத்தல் கேட்கும். கோளாறு பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே இருக்கிறது: ஒல்லி வயர், சரியாகக் கடிக்காத லக் (கேபிள் முனையை போல்ட்டில் மாட்டும் உலோகக் காது), துருவேறிய எர்த் போல்ட், ஆயுசு முடிந்த பேட்டரி. 230 வோல்ட் பக்கம் எல்லோருக்கும் பழக்கம்; 1,000 வாட்டுக்கு அங்கே 4 ஆம்பியர் சொச்சம்தான் ஓடும், சாதாரண வயர் போதும். அதே 1,000 வாட்டுக்கு 12 வோல்ட் பக்கம் 100 ஆம்பியர் ஓட வேண்டும். இந்த ஒரு கணக்கு மனசில் ஏறிவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை வேலைக்குப் போகிற ஜீப், சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி வயல்களில் மோட்டார் பார்க்கப் போகிற லோடு ஆட்டோ, பாளையங்கோட்டையில் சிசிடிவி மாட்டுகிறவரின் ஆம்னி என மூன்றுக்கும் ஒரே இன்வெர்ட்டர் சரிவராது. வேலையைப் பார்த்துத்தான் பெட்டி.

எத்தனை வாட் வேண்டும்

மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 4 இஞ்ச் கிரைண்டிங் மெஷின் 600 முதல் 850 வாட் வரை இழுக்கும். 13 எம்எம் டிரில்லிங் மெஷின் 500 முதல் 750. சிறிய ஹாமர் மெஷின் 800 வாக்கில். மார்பிள் கட்டர் 1,000-ஐத் தாண்டிவிடும், சில மாடல்கள் 1,400 வரை போகும். லேப்டாப் சார்ஜர் 65, சால்டரிங் அயர்ன் 25 முதல் 60, கார்ட்லெஸ் மெஷின் சார்ஜர் 100 வாக்கில்.

இது ஓடும்போது இழுக்கும் அளவு. மோட்டார் கிளம்பும் நொடியில் இதைப் போல இரண்டு, மூன்று மடங்கு இழுக்கும். கார்பன் பிரஷ் உள்ள கைமெஷின்கள் இந்த ரகம். பிரிட்ஜ், சின்ன தண்ணீர் மோட்டார் போன்ற இண்டக்‌ஷன் மோட்டார்கள் ஐந்தாறு மடங்கு வரை கேட்கும். ஆகவே 850 வாட் கிரைண்டருக்கு 1,000 வாட் பெட்டி காகிதத்தில் போதும், கையில் போதாது. 1,500 வாட் தொடர்ச்சியாகவும் 3,000 வாட் சில நொடிக்கும் தரக்கூடிய பெட்டி வேண்டும். சாஃப்ட் ஸ்டார்ட் உள்ள கிரைண்டர் என்றால் 1,200 வாட்டிலேயே சமாளிக்கலாம்.

போர்வெல் மோட்டாரை வண்டியில் வைத்தே ஓட்டிப் பார்க்கலாமா என்று மோட்டார் மெக்கானிக்குகள் கேட்பார்கள். வேண்டாம். 1 எச்பி என்றாலே 746 வாட், அது தண்டில் கிடைப்பது. கரண்ட் பக்கம் அதைவிடக் கூட இழுக்கும், கிளம்பும்போது சொல்லவே வேண்டாம். வெல்டிங் மெஷின், ஹீட் கன், தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு இவையும் அந்த வரிசைதான். நாள் முழுக்க மார்பிள் கட்டர் ஓட்டுகிறவர் இன்வெர்ட்டருக்கு அலையாமல் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்குவது நல்லது. டீ போட கேஸ் அடுப்பு இருக்கிறது.

கார்ட்லெஸ் டிரில், கார்ட்லெஸ் கிரைண்டர் வாங்கும் வசதி இருந்தால் அதை வாங்கிவிட்டு, அவற்றின் பேட்டரியை ஓடுகிற வண்டியில் சார்ஜ் போட 300 வாட் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் போன்ற சீரான அலை தரும்) பெட்டி ஒன்று வைத்துக்கொள்வதுதான் பெரும்பாலான டெக்னீஷியன்களுக்குப் பொருத்தம். 30 ஆம்பியரோடு கதை முடிந்துவிடும். தடித்த கேபிளும் வேண்டாம், இரண்டாவது பேட்டரியும் வேண்டாம். திருநெல்வேலியில் கிளம்பி நாங்குநேரி போய்ச் சேருவதற்குள் ஒரு பேட்டரி கணிசமாக ஏறியிருக்கும்.

ஆம்பியர் கணக்குக்கு எளிய வழி: 12 வோல்ட் வண்டியில் வாட்டை 10-ஆல் வகுங்கள், 24 வோல்ட் வண்டியில் 20-ஆல் வகுங்கள். பெட்டிக்குள் வீணாவதும் பேட்டரி வோல்ட் இறங்குவதும் இதிலேயே அடங்கிவிடும். 300 வாட்டுக்கு 30 ஆம்பியர், 1,500 வாட்டுக்கு 150.

டேஷ்போர்டில் இருக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான். அதில் 100, 120 வாட்டுக்கு மேல் ஆசைப்பட்டால் ஃபியூஸ் போகும். பெரிய ஃபியூஸ் போட்டால் ஃபியூஸுக்குப் பதில் வயரிங் போகும்.

சைன் வேவா, ஸ்கொயர் வேவா

விலை குறைந்த பெட்டியில் ‘மாடிஃபைடு சைன் வேவ்’ என்று அழகாக எழுதியிருப்பார்கள். உண்மையில் அது படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும் ஸ்கொயர் வேவ். குண்டு பல்பு, சால்டரிங் அயர்ன் இவற்றுக்கு ஒன்றும் ஆகாது. டிரில்லிங் மெஷின் ஓடும், ஆனால் வழக்கத்தை விடச் சூடாகும். ஸ்பீடு கன்ட்ரோல் உள்ள மெஷின் தறிகெட்டு ஓடும், அல்லது ஒரே வேகத்தில் நிற்கும். சில கார்ட்லெஸ் சார்ஜர்கள் இதில் எரிந்தே போயிருக்கின்றன. ஃபேன் உறுமும். சாதாரண மல்டிமீட்டரில் பார்த்தால் 180, 190 வோல்ட் என்று தப்பாகக் காட்டும். அதை நம்பிப் பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர்தான் சரியாகக் காட்டும்.

புதிதாக வாங்குகிறவர் ப்யூர் சைன் வேவே வாங்குங்கள். அளவைக் குறைத்தாவது அதை வாங்குங்கள்: 1,000 வாட் ஸ்கொயர் வேவை விட 500 வாட் சைன் வேவ் வேலைக்கு உதவும்.

கடையில் என்ன பார்ப்பது

நம் ஊர்க் கடைகளில் இன்வெர்ட்டர் என்று கேட்டால் வீட்டுக்கு மாட்டும் யுபிஎஸ்ஸைத்தான் எடுத்து வைப்பார்கள். அது டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கனமான பெட்டி; வண்டியின் குலுக்கலுக்குச் செய்ததல்ல. விஏ கணக்கும் குழப்பும்: 900 விஏ என்று எழுதியிருந்தால் வாட்டில் அதைவிடக் குறைவுதான். “அண்ணாச்சி, வண்டிக்கு மாட்டுற டிசி டு ஏசி பெட்டி வேணும், கன்டினியூஸ் எத்தனை வாட்?” என்று கேளுங்கள். ‘கன்டினியூஸ்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் 3,000 வாட் பெரும்பாலும் சில நொடிக்கான பீக் கணக்கு.

அதைச் சோதிக்கத் தந்திரம் ஒன்று உண்டு. பெட்டிக்குள்ளோ பின்பக்கத்திலோ இருக்கும் ஃபியூஸ்களை எண்ணுங்கள். 30 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் நான்கு இருந்தால் மொத்தம் 120 ஆம்பியர். 12-ஆல் பெருக்கினால் 1,440 வாட் உள்ளே போகும். வெளியே வருவது 1,300-க்குள். அந்தப் பெட்டி மேல் 3,000 என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். கூடவே தரும் வயரையும் பாருங்கள். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத, முதலை கிளிப் வைத்த வயர் வந்தால், உள்ளே இருப்பதும் அந்தத் தரம்தான்.

முடிந்தால் வீட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் போங்கள். 750 அல்லது 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி, குமிழைக் கடைசிவரை திருப்பினால், கிளம்பும் உதைப்பு இல்லாமல் சொன்ன வாட்டை அப்படியே இழுக்கும். நல்ல பேட்டரியில் இன்வெர்ட்டரை மாட்டி ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். வெளியே 220-லிருந்து 240 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும், ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும், கருகல் வாடை வரக் கூடாது. பிறகு மிக்ஸியைப் போட்டுப் பாருங்கள், கிளம்பும் இழுப்பைத் தாங்குகிறதா என்று தெரியும். கடைக்காரர் இதற்கு மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா எனப் படித்துவிட்டு வாங்குங்கள். 110 வோல்ட் பெட்டிகளும் அதே பக்கத்தில் அதே படத்தோடு கிடக்கும். வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டி யானை, பொலீரோ பிக்கப், தோஸ்த் எல்லாம் 12. பெரிய லாரி 24. இரண்டு பேட்டரி ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் இணைந்திருக்கும். அந்த இரண்டில் ஒன்றில் மட்டும் 12 வோல்ட் இன்வெர்ட்டரை மாட்டுகிற வேலை லாரி ஷெட்டுகளில் நடக்கிறது. ஒரு பேட்டரி எப்போதும் குறையாகவும் இன்னொன்று ஓவர் சார்ஜாகவும் நின்று, இரண்டுமே போகும். 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் பெட்டிதான்.

வயர், லக், ஃபியூஸ்

பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

பேட்டரியிலிருந்து பெட்டிவரை 2 மீட்டர் என்று வையுங்கள். போக வர 4 மீட்டர் செம்பு. 100 ஆம்பியர் ஓடும்போது 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் கிட்டத்தட்ட 1.2 வோல்ட் விழுந்துவிடும். பேட்டரியில் லோடோடு 12.0 வோல்ட் இருந்தால் பெட்டிக்கு 10.8 தான் போய்ச் சேரும். பெரும்பாலான பெட்டிகள் 11-க்கும் 10.5-க்கும் நடுவே கத்தத் தொடங்கி 10 வாக்கில் நின்றுவிடும். வயரிலேயே 120 வாட் சூடாக மாறும், சீட்டுக்கு அடியில். அதே 4 மீட்டரை 35 ஸ்கொயரில் போட்டால் விழுவது 0.2 வோல்ட் மட்டும். பெட்டி அதே பெட்டி, பேட்டரி அதே பேட்டரி; கத்தல் மட்டும் நின்றுவிடும்.

ஆக, 2 மீட்டர் தூரத்துக்கு 300 வாட் என்றால் 10 ஸ்கொயர், 600 வாட்டுக்கு 16 அல்லது 25, 1,000 வாட்டுக்கு 35, 1,500 வாட்டுக்கு 50. தூரம் கூடினால் ஒரு சைஸ் ஏற்றுங்கள். இன்னும் நல்லது, பெட்டியைப் பேட்டரி பக்கம் நகர்த்துங்கள். 12 வோல்ட் வயர் குட்டையாகவும் 230 வோல்ட் வயர் நீளமாகவும் இருக்கட்டும். மாற்றிச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

கேபிளுக்கு வெல்டிங் கேபிள் பொருத்தமானது: முடி போன்ற இழைகள், ரப்பர் உறை, குலுக்கலில் முறியாது. வீட்டு மெயினுக்குப் போடும் முரட்டு இழைக் கேபிள் வேண்டாம். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிளும் சந்தையில் உண்டு, தூக்கிப் பார்த்தால் எடை காட்டிக்கொடுக்கும். சந்தேகம் இருந்தால் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஈயம் பூசிய செம்பு கேபிளும் வெளியே வெள்ளையாக இருக்கும், ஆனால் சுரண்டினால் சிவப்பாக வரும். அது நல்ல சரக்கு.

லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்குவது வழக்கமாகிவிட்டது. அது பிடித்த மாதிரி இருக்கும், பிடித்திருக்காது. ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் உள்ள எலக்ட்ரிக்கல் கடையில் அளவு சொல்லிக் கடித்து வாங்குங்கள். கேபிள் சைஸும் லக் சைஸும் ஒன்றாக இருக்க வேண்டும், துளை உங்கள் போல்ட்டுக்கு (பெரும்பாலும் 8 எம்எம்) சரியாக இருக்க வேண்டும். கடித்த பின் கேபிளைக் காலில் மிதித்துக்கொண்டு லக்கை முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் இப்போதே வந்தது நல்லது. மேலே பசை உள்ள ஹீட் ஸ்லீவ் போடுங்கள். ஈயம் மட்டும் ஊற்றி ஒட்டிய லக் வேண்டவே வேண்டாம்: சூடேறினால் ஈயம் இளகும்.

ஃபியூஸ், பாசிட்டிவ் கேபிளில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இது பெட்டியைக் காப்பாற்ற அல்ல, கேபிளைக் காப்பாற்ற. கேபிள் எங்காவது தகட்டில் உரசி உறை கிழிந்தால் பேட்டரி சில நூறு ஆம்பியரைக் கொட்டும்; கேபிள் சிவந்து வண்டி பற்றும். பெட்டிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் நடுவில் உள்ள கேபிளுக்குக் காவல் இல்லை. 300 வாட்டுக்கு 40 ஆம்பியர், 1,000 வாட்டுக்கு 125 அல்லது 150, 1,500 வாட்டுக்கு 200 ஆம்பியர் ஏஎன்எல் ஃபியூஸ், ஹோல்டரோடு. வீட்டு எம்சிபி ஏசிக்குச் செய்தது. டிசி பொறியை அணைக்க அதை நம்பக் கூடாது. ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றுவதைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை, ஆனாலும் சுற்றுகிறார்கள்.

நெகட்டிவை அருகில் இருக்கும் பாடி போல்ட்டில் மாட்டினால் ஒரு கேபிள் மிச்சம் என்று தோன்றும். பழைய வண்டியில் பெயின்ட்டும் துருவும் நடுவில் நிற்கும். பாசிட்டிவ் போன வழியிலேயே அதே சைஸ் நெகட்டிவையும் பேட்டரி வரை கொண்டு போய்விடுங்கள். ஒரு விதிவிலக்கு: 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் பேட்டரி நெகட்டிவ் டெர்மினலிலேயே ஒரு சின்ன சென்சார் பெட்டி உட்கார்ந்திருக்கும். அப்படி இருந்தால் உங்கள் நெகட்டிவ் அந்த சென்சாருக்கு வண்டிப் பக்கம், அதாவது சேசிஸில் போய்ச் சேரும் போல்ட்டில், மாட்டப்பட வேண்டும். நேராக பேட்டரி முனையில் மாட்டினால் நீங்கள் எடுக்கும் கரண்ட் சென்சாருக்குத் தெரியாது. வண்டியின் கம்ப்யூட்டர் பேட்டரி நிறைந்திருப்பதாக நினைத்துக்கொண்டு சார்ஜைக் குறைத்துவிடும்.

மாட்டும் வரிசை

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். கையில் மோதிரம், காப்பு இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். ஸ்பானரும் மோதிரமும் சேர்ந்து பாடியைத் தொட்டால் விரல் வெந்துவிடும். பெட்டியை அதன் இடத்தில் திருகுங்கள். கேபிளை ஓட்டும்போது தகட்டில் துளை போடும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் புஷ் வைத்து, மேலே நெளிவுக் குழாய் போட்டு, ஒரு சாண் விட்டு ஒரு கிளாம்ப் கட்டுங்கள். சைலன்சருக்கும் டீசல் பைப்புக்கும் பக்கத்தில் போகாதீர்கள்.

ஃபியூஸ் ஹோல்டரை மாட்டுங்கள், ஃபியூஸை மாட்டாதீர்கள். பெட்டி பக்கம் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் இறுக்குங்கள். இங்கே ஒருமுறைக்கு இருமுறை நிறத்தைப் பாருங்கள்: மாற்றிக் கொடுத்தால் உள்ளே உள்ள மாஸ்ஃபெட்கள் (கரண்டை வெட்டி மாற்றும் டிரான்சிஸ்டர்கள்) கண்ணிமைக்கும் முன் போகும், வாரண்டியும் வராது. வெல்டிங் கேபிள் இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கும் என்பதால் பாசிட்டிவ் கேபிளின் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றிவைப்பது அவசியம். பிறகு பேட்டரி பாசிட்டிவ், கடைசியாக நெகட்டிவ்.

இப்போது ஃபியூஸ் மட்டும் பாக்கி. அப்படியே போட்டால் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரே இழுப்பாக இழுத்து ‘சடக்’ என்று பொறி பறக்கும். ஃபியூஸ் ஹோல்டரின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பைச் சில நொடி பிடியுங்கள். பல்பு எரிந்து மெல்ல மங்கி அணையும். உள்ளே நிறைந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஃபியூஸைப் போட்டு இறுக்குங்கள், பொறி வராது. பல்பு மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் நிறுத்துங்கள்: கேபிள் ஷார்ட், அல்லது பெட்டியின் சுவிட்ச் ஆனில் இருக்கிறது.

பேட்டரியும் டைனமோவும்

வண்டியோடு வரும் பேட்டரி செல்ஃப் அடிக்கச் செய்தது. சில நொடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும், பிறகு டைனமோ நிரப்பிவிடும். மெல்ல மெல்ல வடியவிட்டு ஏற்றுவது அதற்கு ஆகாது. 80 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் எஞ்சினை நிறுத்திவிட்டு 20 ஏஎச்சுக்கு மேல் எடுக்காதீர்கள். 300 வாட் லோடு என்றால் அது 40 நிமிடம். 850 வாட் கிரைண்டரைத் தொடர்ந்து பிடித்தால் கால் மணி நேரம்கூட இல்லை. ஆனால் கிரைண்டரை யாரும் தொடர்ந்து பிடிப்பதில்லை. மூன்று நிமிட வெட்டுக்கு நான்கு ஏஎச் சொச்சம் செலவாகும், நாலைந்து வெட்டு தாராளமாக எடுக்கலாம்.

எடுத்ததை அளக்க மீட்டர் போதும். லோடு இல்லாமல் கொஞ்ச நேரம் ஓய்ந்த பேட்டரியில் 12.7 என்றால் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12-க்குக் கீழே என்றால் செல்ஃப் எடுக்குமா என்பது சந்தேகம். இன்வெர்ட்டர் கத்தும் வரை ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். அது கத்தும்போது வண்டியைத் தள்ளத்தான் ஆள் தேட வேண்டும், மாஞ்சோலை ரோட்டில் ஆளும் கிடைக்காது.

எஞ்சின் ஓடினால் கவலையில்லை என்பதும் அரைகுறைதான். டைனமோவின் தகட்டில் 75 ஆம்பியர் என்றிருந்தால் அது வேகத்தில் கிடைப்பது. ஐடிலில், சூடேறிய பிறகு, அதில் பாதி வந்தாலே அதிகம், அதிலும் வண்டியின் சொந்தத் தேவை போக மிச்சம்தான் உங்களுக்கு. பெரிய லோடு போடும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் ஏற்றி 1,200, 1,500 ஆர்பிஎம்மில் வையுங்கள். அப்போதும் தொடர் லோடு டைனமோ அளவில் பாதியைத் தாண்ட வேண்டாம். ஷெட்டை மூடிவைத்து எஞ்சினை ஓட விடாதீர்கள், புகை ஆளைக் கொன்றுவிடும்.

தினமும் எஞ்சினை நிறுத்தி வேலை பார்க்கிறவருக்கு இரண்டாவது பேட்டரி தேவை. வீட்டுத் தண்ணீர் ஊற்றும் ட்யூபுலர் பேட்டரியை வண்டிக்குள் வைத்தால் குலுக்கலில் ஆசிட் வெளியே வரும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனும் வரும். சீல் செய்த டீப் சைக்கிள் விஆர்எல்ஏ (மெல்ல வடியவிட்டு ஏற்றத் தோதான, ஆசிட் சிந்தாத பேட்டரி), அல்லது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் நல்லது. இரண்டையும் நேரே வயரால் கோத்துவிடாதீர்கள். விஎஸ்ஆர் என்ற ரிலே, எஞ்சின் ஓடி 13.3 வோல்ட் வந்ததும் இரண்டையும் சேர்க்கும், 12.8 வாக்கில் பிரித்துவிடும். செல்ஃப் பேட்டரி எப்போதும் பத்திரம். பிஎஸ்6 வண்டியில் டைனமோ வோல்ட்டைத் தானே ஏற்றி இறக்கும் என்றால் விஎஸ்ஆர் குழம்பும், அங்கே டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். லித்தியத்துக்கும் அதுவே: நேரே கொடுத்தால் அது டைனமோவை உறிஞ்சி எரித்துவிடும். இரண்டு பேட்டரிக்கும் நடுவே ஓடும் கேபிளுக்கு இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், ஏனென்றால் இரு முனையிலும் பேட்டரி இருக்கிறது.

இன்னொன்று, லோடு இல்லாவிட்டாலும் ஆனில் இருக்கும் பெட்டி சும்மா இருப்பதில்லை. பெரிய பெட்டி 1 ஆம்பியர் வரை இழுக்கும். சனிக்கிழமை சாயங்காலம் மறந்துவிட்டுப் போனால் திங்கள் காலைக்குள் 36 ஏஎச் காலி. கை எட்டும் இடத்தில் ஒரு பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் வைத்துவிடுங்கள்.

ஷாக்

வண்டி டயர் மேல் நிற்கிறது, எர்த் கிடையாது, ஆகவே ஷாக் அடிக்காது என்ற பேச்சை நம்ப வேண்டாம். வெளியே வருவது அதே 230 வோல்ட். பெட்டியின் எர்த் திருகை வண்டி பாடியோடு இணையுங்கள். பல சின்னப் பெட்டிகளின் வெளியீடு எந்தப் பக்கமும் எர்த்தோடு சேராமல் மிதக்கும். அதில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் சுவிட்ச்) வைத்தாலும் டிரிப் ஆகாது. நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கலாமா என்பதை அந்தப் பெட்டியின் கையேடுதான் சொல்ல வேண்டும். சில பெட்டிகளில் இரண்டு முனைக்கும் பாடிக்கும் நடுவே ஆளுக்கு 115 வோல்ட் இருக்கும், அதில் சேர்த்தால் புகைதான். சேர்க்க முடியாத பெட்டியில் ஒரு நேரத்தில் ஒரே மெஷின், அதுவும் சதுரத்துக்குள் சதுரம் போட்ட இரட்டை இன்சுலேஷன் மெஷின் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. வயல் வரப்பில், ஈரத்தில் நின்றால் கார்ட்லெஸ் மட்டும்.

எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு 1.5 ஸ்கொயர் வயர் போடுங்கள், சுருளை முழுக்கப் பிரித்துவிட்டு ஓட்டுங்கள். கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரை வீட்டு பிளக்கில் கொடுத்து லைட் எரிய வைக்கும் புத்திசாலித்தனம் வேண்டாம். அது லைனுக்குத் திரும்பிப் போகும். கம்பத்தில் ஈபி ஆள் ஏறியிருப்பார். லைன் திரும்பி வந்தால் உங்கள் பெட்டியும் வெடிக்கும்.

வெயில், தூசி, உப்பு

பெட்டியை பானெட்டுக்குள் வைக்காதீர்கள், ஆசிட் பேட்டரியோடு ஒரே மூடிய பெட்டிக்குள்ளும் வைக்காதீர்கள். பேட்டரி விடும் ஹைட்ரஜன் வெடிக்க சுவிட்ச் பொறி ஒன்று போதும். சீட்டுக்குப் பின்னால், அல்லது லோடு பாடியின் முன்சுவரில், ஃபேன் பக்கம் நாலு விரல் இடம் விட்டு மாட்டுங்கள். சீட்டுக்கு அடியில் வைத்து மேலே சாக்கு, கயிறு, துணி அடைப்பதுதான் பெட்டி சாகும் பொதுவான வழி.

கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையில் வெயிலில் பூட்டி நிறுத்திய கேபினுக்குள் 50 டிகிரியைத் தாண்டும். 40 டிகிரிக்கு மேல் பெட்டி முழு வாட்டைத் தராது, சூட்டில் தானாக நின்றுவிடும். கதவைத் திறந்து பத்து நிமிடம் ஆறவிட்டு ஓட்டுங்கள், அந்த நாட்களில் முக்கால் லோடுக்கு மேல் போகாதீர்கள். லித்தியம் பேட்டரி இருந்தால் அதையும் ஆறவிட்ட பிறகே சார்ஜ் ஏற்றுங்கள்.

ஆடிக் காற்றில் வள்ளியூர், காவல்கிணறு பக்கம் போகும் வண்டிகளில் ஃபேன் ஜாலி மாதம் ஒருமுறை அடைத்துக்கொள்ளும். பிளோயரால் ஊதுங்கள், ஊதும்போது ஃபேனை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும். உவரி, இடிந்தகரைக் கரையோரம் ஓடும் வண்டியில் லக் எல்லாம் ஈயம் பூசியதாக இருக்கட்டும், இறுக்கிய பின் வாசலின் தடவுங்கள். பச்சை பூத்த லக்கைத் தேய்த்துப் பயனில்லை, வெட்டிவிட்டுப் புதிதாகக் கடியுங்கள்.

தகராறு வந்தால்

லோடு போட்டவுடன் கத்தினால் முதலில் மீட்டரை எடுங்கள். இஸ்திரிப் பெட்டியை லோடாகப் போட்டு, பேட்டரி முனையில் ஒரு அளவு, இன்வெர்ட்டர் முனையில் ஒரு அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் குற்றம் கேபிளில். பேட்டரி முனையிலேயே 11-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்தது. கேபிளில் குற்றம் என்றால் லோடு ஓடும்போதே ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் மில்லிவோல்ட்டில் பாருங்கள்: கேபிள் செம்பில் ஒரு முனை, போல்ட்டில் ஒரு முனை. 100 ஆம்பியரில் 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அந்த லக்தான் திருடன். மீட்டர் இல்லையென்றால் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு, பெட்டியை ஆஃப் செய்து, ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு எங்கே இருக்கிறதோ அங்கே.

இரண்டு முனையிலும் 12-க்கு மேல் இருந்தும் மெஷின் கிளம்பவில்லை என்றால் பெட்டிக்கு உதைப்பு பலம் போதவில்லை. கொஞ்ச நேரம் ஓடி நின்று, ஆறிய பின் மறுபடி ஓடினால் சூடு, ஃபேனைப் பாருங்கள். உள் ஃபியூஸ் போயிருந்தால் மாற்றிப் பார்க்கலாம், ஆனால் போட்டதும் மறுபடி போனால் மாஸ்ஃபெட் ஷார்ட். மூன்றாவது ஃபியூஸை வீணாக்காமல் சர்வீசுக்குக் கொடுங்கள்.

செல்ஃப் அடிக்கும் முன் இன்வெர்ட்டரை ஆஃப் செய்வது வழக்கமாக இருக்கட்டும், வேறு வண்டியில் ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யும்போதும் அப்படியே. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றவே கூடாது: டைனமோ வோல்ட் எகிறி இன்வெர்ட்டரோடு வண்டியின் கம்ப்யூட்டரையும் (ஈசிஎம்) கொண்டுபோய்விடும். பாடியில் வெல்டிங் வைக்க ஷெட்டில் விடும் நாளில் இன்வெர்ட்டரின் ஃபியூஸைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்துவிடுங்கள், பேட்டரி நெகட்டிவையும் கழற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது பல்பு வைத்து நிரப்பிய பிறகே ஃபியூஸைத் திரும்பப் போட வேண்டும்.